கறுப்பும் மஞ்சளும் இல்லாத தெரு

சத்தியம். கற்பூரம் இருந்தால் ஏற்றுங்கள், அடித்து அணைக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எதிரே நிற்கிற அந்தச் சிக்னல் கம்பம் அடியோடு சாய்ந்து என் மண்டையில் விழட்டும். விழுந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எதிரே எங்கோ இருக்கிறது, அதுவரை நிச்சயம், இருபது நிமிஷத்துக்கு முன்னால் சுபாஷினி அதைத்தான் கை நீட்டிக் காட்டினாள். சுபாஷினி என் மருமகள், என் மகன் தயாளனின் மனைவி, இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்காக நிற்கிறாள், அதாவது நிற்பாள், நிற்க வேண்டும். இந்தப் பக்கம் நான், ஏகாம்பரம், வயது எழுபத்தாறு, முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர் ரோடுகளில் கோடு போட்ட மேஸ்திரி. நடுவில் ஆனைக்குட்டி முதலி தெரு, நாற்பது அடி அகலம், என் கையாலேயே இரண்டு முறை அளந்தது. “மாமா, நான் முதல்ல அந்தப் பக்கம் போயிடறேன். நீங்க பச்சை பார்த்துத் தனியா வாங்க. வந்து, அங்க இருக்கிற தெருப் பேர் போர்டைப் படிச்சுக் காட்டுங்க. படிச்சுட்டீங்கன்னா எங்க வேணும்னாலும் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா இனிமே கேட்டுக்கு வெளியே தனியா கால் வைக்கக் கூடாது. அவரும் அதையேதான் சொல்றார்.” பத்தாம் வகுப்புப் பரீட்சைகூட எனக்கு இத்தனை தெளிவாக யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கேட்டுக்கு வெளியே தனியாகக் கால் வைக்காவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? லாரி ஷெட் டீக்கடையில் நாலு கிழவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்வதில் ஒன்றைக்கூட நம்பாமல் தினமும் வந்து கேட்கிறவர்கள். அவர்களிடம் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து நான் பருந்தோடு சண்டை போட்ட கதையைச் சொல்ல முடியுமா? கையைப் பிடித்துக் கூட்டி வரப்படுகிறவன் சொன்னால் அது கதை இல்லை, உளறல்.

எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளை வண்டிதான் காரணம். போன புதன்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்றேன், பெரிதாக, வெள்ளையாக, பெட்டி போல ஒன்று வந்தது, கை காட்டினேன், நின்றது, பின்பக்கமாக ஏறி உட்கார்ந்து, “டோல்கேட் ஒண்ணு” என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தான். “பெரியவரே, இதுல ஏறினா ஒரே ஸ்டாப்தான். அவ்வளவு அவசரமா?” அமரர் ஊர்தி. உள்ளே படுத்திருந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன், வீட்டில் வந்து பழைய சிநேகிதனின் சாவுக்குப் போய் வந்ததாகச் சொன்னேன், சோப்புப் போட்டுக் குளிக்கக்கூடச் செய்தேன், யார் அத்தனை நேர்த்தியாகப் பொய் சொல்வார்கள்? ஆனால் அந்த டிரைவர் எங்கள் பின் தெருக்காரனாம், அவன் பெண்டாட்டியும் சுபாஷினியும் ஒரே யோகா வகுப்பாம். ஊரில் இத்தனை பேர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு என்ன பேசுகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? என்னைப் பற்றித்தான். சரி, சிக்னல். சிக்னலைப் பார் ஏகாம்பரம். பார்க்கிறேன். பார்த்தால் போய்விடுகிறது. அதுதான் வியாதி, மூன்று மாதமாகிறது, யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய்க் காட்டினேன், அந்த டாக்டரம்மா என் கண்ணுக்குள் வெளிச்சத்தைக் குத்திவிட்டு, “நடுவுல தேஞ்சுபோச்சு பெரியவரே. ஓரம் இருக்கும், நடு திரும்பி வராது” என்றாள், யாரோ என் வேட்டி கிழிந்திருப்பதைச் சொல்கிற மாதிரி. “ஓரமாவே வாழ்ந்துக்கறேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். கறுப்பாக ஒரு புள்ளி இருந்தாலாவது அதற்கு ஒரு மரியாதை உண்டு. இது அப்படி இல்லை, எழுதி வைத்த பலகையை எவனோ ஈரத் துணியால் நடுவில் ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. எதைப் பார்க்கிறேனோ அது இல்லை, எதைப் பார்க்கவில்லையோ அது இருக்கிறது. சுபாஷினியைப் பார்க்க வேண்டுமென்றால் அவளுக்கு இடப்புறமிருக்கிற மருந்துக்கடையை முறைக்க வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் அவள் சுடிதார் செங்கல் நிறத்தில் ஒரு துண்டு வந்து நிற்கும், ஆசைப்பட்டு அதன் பக்கம் திரும்பினால் போச்சு. நின்ற இடத்தில் பெண்ணே இல்லை.

இதையும் சமாளித்திருப்பேன். பழைய தெருவாக இருந்தால் சமாளித்திருப்பேன், அம்மன் மேல் ஆணை. பழைய தெரு அசிங்கம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அசிங்கமாகத் தெரிந்தது. நடைபாதை ஓரத்தில் கறுப்பு மஞ்சள் கறுப்பு மஞ்சள் என்று கட்டம் கட்டமாக நாங்கள் அடித்த கல், முக்கால் குருடனுக்கும் முழுக் குடிகாரனுக்கும் தெரியும், இதற்கு மேலே நீ, இதற்குக் கீழே லாரி. போன வருஷம் வந்தார்கள், தெருவை அழகாக்குகிறோம் என்று. தரை சாம்பல், கம்பம் சாம்பல், வண்டி ஏறாமல் இருக்க நட்ட முழங்கால் உயரத் தூண் சாம்பல், உட்காருகிற பெஞ்சு சாம்பல். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த படியை எடுத்துவிட்டார்கள், இரண்டும் ஒரே மட்டம், ஒரே நிறம், எங்கே மனிதன் முடிகிறான் எங்கே பஸ் ஆரம்பிக்கிறது என்பது இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது. கடக்கிற கோடு வெள்ளையடிக்கவில்லை, வெளிர்சாம்பல் கல்லை அடர்சாம்பல் கல்லுக்குள் பதித்திருக்கிறான், மழை பெய்தால் மொத்தமும் ஒரே ஈயச்சட்டி. திறப்பு விழா அன்று அதை வரைந்தவனைப் பிடித்தேன், தாடி, கதர் மாதிரி சட்டை, நல்ல பையன்தான், அதுதான் ஆபத்து. “தம்பி, கோடு எங்கப்பா?” “கண்ணுக்கு இரைச்சல் இருக்கக் கூடாது சார். எல்லாம் ஒரே டோன்ல, அமைதியா இருக்கணும்.” “அமைதியா இருக்கிற ரோடு எங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அதுல நாலு பேர் தூக்கிட்டுத்தான் போவாங்க.” சிரித்தான். செல்போனில் குறித்துக்கொண்டான். “அந்தக் கறுப்பு மஞ்சள் ரொம்ப அசிங்கம் சார்.” குளவிகூட அசிங்கம்தான், எவனாவது அதன் முதுகில் கை வைக்கிறானா என்று கேட்டேன், அதையும் குறித்துக்கொண்டான். குறித்துக்கொள்கிறவர்களோடு சண்டை போட முடியாது, குத்தினால் தலையணை மாதிரி உள்வாங்கிக்கொள்வார்கள். தெருப் பேர் போர்டையும் அவன்தான் மாற்றினான், வெளிர்நீலத்தில் மெல்லிய வெள்ளை எழுத்து, பட்டினி கிடந்த எழுத்து, நல்ல கண்ணோடு இருந்த காலத்திலேயே எனக்குப் பத்தடியில் அது தண்ணீரில் போட்ட நூல். இத்தனை அமைதிக்கும் நடுவில் என்ன தெரிகிறது என்று நினைக்கிறீர்கள்? பிளெக்ஸ் தெரிகிறது. பூப்புனித நீராட்டு விழா, இருபதடி உயரம், சிவப்பும் ஊதாவும், அந்தப் பெண்ணின் மாமன் மூக்குக் கண்ணாடி மட்டும் என் வயிறு அகலம். ரோட்டில் செத்துப்போகாமல் இருக்க எனக்கு என்ன தெரிய வேண்டுமோ அது கிசுகிசுக்கிறது. எவன் மகள் வயசுக்கு வந்தாள் என்பது கத்துகிறது.

நாங்கள் எழுதிய எழுத்து எப்படி இருக்கும் தெரியுமா. ரோட்டில் ‘மெதுவாக’ என்று எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் எட்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், கிட்டே நின்று பார்த்தால் ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரி இருக்கும், ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்து ஐம்பது கஜத்தில் பார்த்தால் அச்சடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். பார்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் எழுத்து. ஒரு தடவை பருந்து ஒன்று மேலிருந்து அதைப் படிக்க முயன்று, நீளம் புரியாமல் ஆத்திரப்பட்டு, என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது, நான் சுண்ணாம்பு வாளியோடு அதை மூன்று தெரு துரத்தினேன், இதுவும் சத்தியம். அதைவிடப் பெரிய சத்தியம் முப்பத்தேழாம் எண். உத்தரவு வந்தது, முப்பத்தேழாம் எண் எதிரில் பாதசாரிக் கோடு போடு என்று. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண், பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, கடிதமே குழம்பித் திரும்பிப் போகும். உத்தரவில் பழசா புதுசா என்று இல்லை. பழைய முப்பத்தேழு பள்ளிக்கூட வாசல், புதிய முப்பத்தேழு ஒரு கிடங்கின் பின்சுவர். நான் சட்டம் தெரிந்தவன், புதியதுதானே செல்லும், சுவருக்கு எதிரே போட்டேன். பளிச்சென்று, பால் மாதிரி. ஜனங்கள் அந்தக் கோட்டில் ஒழுங்காக நடந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கோடு சொல்கிறதே, வழி இருக்கும் என்று. ஒரு வாரத்தில் அங்கே கூட்டம் சேர்ந்து ஒரு சுண்டல் கடை வந்தது, ஒரு மாதத்தில் கிடங்குக்காரன் தாங்க முடியாமல் சுவரை இடித்துக் கேட் வைத்தான், இன்றைக்கு அதுதான் அவனுக்கு முன்வாசல். டீக்கடையில் இந்த இடத்தில் எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள், நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் கோடு இல்லாத அந்த ஒரு மாதத்தைச் சொல்வதில்லை. கஸ்தூரி என்று ஒரு சமையல்காரம்மா, சத்துணவுக்கு முட்டைத் தட்டு தூக்கிக்கொண்டு கடந்தாள், வேன்காரன் கோடு இல்லாத இடத்தில் ஏன் நிறுத்துகிறான், கணுக்கால் நொறுங்கியது. ரோடு முழுக்க மஞ்சள். அன்று பிற்பகலே பெயிண்டோடு ஓடினேன், முட்டை காய்ந்த இடத்தின் மேலேயே வெள்ளை அடித்தேன், ஒட்டவில்லை, உரிந்து உரிந்து வந்தது. ஏன் இதை இப்போது நினைக்கிறேன், சிக்னலைப் பார், சிக்னலுக்குப் பக்கத்தைப் பார், ஏகாம்பரம், அந்தக் கல் நிறம், அந்த வாசல், அந்த அம்மாள் பிறகு எப்படி நடந்தாள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

“பெருசு! முப்பத்தேழு எங்க இருக்கு?” காதோடு காதாக ஒரு பைக், முதுகில் சாப்பாட்டுப் பெட்டி கட்டியவன். நான் மனசுக்குள் பேசியது வெளியே கேட்டுவிட்டதோ? “பழசா புதுசா?” என்றேன். “யாருக்குத் தெரியும், மேப்பு இங்கதான்னு காட்டுது. போர்டுல ஒண்ணும் தெரியல.” ஆகா, இவனுக்கும் தெரியவில்லை, இருபத்தைந்து வயசுக் கண், இவனுக்கும் தெரியவில்லை! சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்தேன். “நேரா போ. வலது கைப்பக்கம் பெரிய வேப்பமரம். அதைத் தாண்டி ரெண்டாவது வீடு, மாடிப்படியில நாய் படுத்திருக்கும், மிதிச்சிடாத.” “தேங்க்ஸ் பெருசு.” போனான். எனக்குப் பின்னால் தள்ளுவண்டியில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த தெய்வானை கத்தியை நிறுத்திவிட்டு, “யோவ், அந்த மரத்த வெட்டி ஒரு வருஷமாச்சு. நீ எந்த ஊர்ல நின்னுனு வழி சொல்ற?” என்றாள். “வேர் இருக்கும்.” “வேர் இருக்கும்! அவன் ரோட்டத் தோண்டிப் பாத்துக்கினு போவானா? இன்னாத்துக்கு அரை மணி நேரமா இங்கயே நிக்கற? மூணு தபா பச்சை விழுந்து போச்சு.” மூன்று தடவை. மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறது. “மாங்கா வாசனைக்கு நிக்கறேன்.” “பல்லு கீதா?” இவளிடம் பேச்சு வளர்க்கக் கூடாது, பேச்சு வளர்க்கிறவள் முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்தால் நான் அவளைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பது தெரிந்துவிடும். அதற்குள் பச்சை. இடது ஓரத்தில் பளீர் என்று, நிஜமான பச்சை, அணைந்து எரிகிறது, கடைசி வினாடிகளில் அப்படித்தான் சிமிட்டும், ஓடு, ஓடு கிழவா, காலை வைத்தேன், காலுக்குக் கீழே ஒரே மட்டம், ஒரே சாம்பல், எப்போது ரோட்டுக்குள் இறங்கினேன் என்றே தெரியவில்லை, ஹாரன், இரும்புச் சூடு கன்னத்தில் உரசிக்கொண்டு போனது, பின்னால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து எவளோ இழுத்தாள். மாங்காய்க் கை, மிளகாய்ப்பொடி. “செத்த கய்தே! அது மருந்துக்கட லைட்டுயா! சிக்னல் செவப்பு!” மருந்துக்கடைக்காரன் வாசலில் பச்சைக் கூட்டல் குறி சிமிட்டுகிறது. சிக்னலுக்கு ஆறடி தள்ளி, சிக்னலைவிட நாலு மடங்கு பெரிதாக. என் காலத்தில் சிக்னல் பக்கத்தில் பச்சை லைட் வைத்தவனை நான் ஏணி போட்டு ஏறிக் கழற்றியிருக்கிறேன், அவன் கடையையும் சேர்த்து. தெய்வானை சட்டையை இன்னும் விடவில்லை. “கண்ணு தெரியலியா உனக்கு?” குரல் தணிந்திருந்தது, அந்தத் தணிவுதான் எனக்குப் பஸ்ஸைவிடப் பயம். “தெரியுது தெரியுது. உன் மூக்குத்தி ஒத்தைக்கல்.” “நான் மூக்கே குத்தல.”

எதிர்ப்பக்கத்தில் சுபாஷினி பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால் இந்நேரம் ஓடி வந்திருப்பாள். வரவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், செல்போனைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டேன், இருப்பதே இடைஞ்சல். காதால் கேட்டேன். ரோடு ஒரு சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது, முதலில் ஸ்கூட்டர், பிறகு ஆட்டோக்களின் படபடப்பு நின்ற இடத்திலேயே துடித்தது, கடைசியாக ஒரு பஸ் பெருமூச்சு விட்டது. என் பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் கிளம்பியது. கண்ணைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் சேலை, கறுப்புக் கரை, எந்தப் புண்ணியவதியோ, என் பழைய நடைபாதைக் கல் எழுந்து நடந்த மாதிரி. அவளைப் பார்க்காமல் அவளைத் தொடர்ந்தேன். நாற்பதடி. முதுகை நிமிர்த்தி, கையை வீசி, மந்திரி வரவேற்புக்கு நடக்கிற மாதிரி. ரோடு முடிகிற இடத்தில் ஒரு சாம்பல் தூண் முழங்காலில் முட்டியது, வலியை முழுங்கிக்கொண்டு அதைத் தட்டிக் கொடுத்தேன், தெரிந்தேதான் நின்றேன் என்பது போல. “வந்துட்டீங்களா மாமா,” செங்கல் நிறம் பேசியது. “ரொம்ப நேரம் ஆக்கிட்டீங்க. எனக்கு பத்தரைக்கு மீட்டிங்.” “மாங்கா விலை கேட்டேன்.” “சரி, படிங்க.” எங்கே போர்டு? வெளிர்நீலம் வானத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு எதற்குப் போர்டு? இந்த ஊரில் நூற்றுக்கணக்கான தெருப் போர்டுகளை நட்டவன் நான், எந்த வரியில் என்ன வரும் என்று தூக்கத்தில் சொல்வேன். தலையைத் தூக்கி, தொண்டையைச் செருமி, ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். “ஆனைக்குட்டி முதலி தெரு. பகுதி ஆறு. வார்டு எழுபத்தொன்று. அஞ்சல் குறியீடும் வேணுமா?” ஜெயித்தோம் என்று நினைத்தேன், வயிற்றுக்குள் ஒரு சின்ன நாதஸ்வரம் கிளம்பியது. பிறகு சுபாஷினி மெதுவாகச் சொன்னாள். “முதல் வரிக்குக் கீழ எல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கு மாமா. வார்டு நம்பர் யாருக்குமே தெரியாது.”

இப்படி ஒருவன் மாட்டுவானா? படிக்க முடியாமல் மாட்டியவர்கள் உண்டு. இல்லாததையும் படித்து மாட்டியவன் நான் ஒருத்தன்தான். “போஸ்டர் நேத்து ஒட்டினது. நான் முந்தாநாளே படிச்சு வச்சுட்டேன்.” “போஸ்டர் பழுப்பேறிப் போயிருக்கு மாமா.” “மட்டமான பேப்பர்.” மருந்துக்கடையை முறைத்தேன், அவள் முகத்தின் ஒரு ஓரம் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பா மற்றதா என்று அந்த ஓரத்தில் எழுதியிருக்கவில்லை. அவள் பைக்குள் செல்போன் அடித்தது. எடுத்தாள். “ஆமாங்க… கடந்து வந்துட்டார்… ம்.” தயாளன். இதோ சொல்லப் போகிறாள், முடிந்தது, இனி கேட், கேட்டுக்கு உள்ளே துளசிச்செடி, டிவி, துளசிச்செடி. “நல்லாதான் தெரியுது அவருக்கு. தெருப் பேரைப் படிச்சுக் காட்டினார். ஆமா. வெக்கறேன்.” எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாகக் கோபம்தான், அந்தப் பொய் என்னுடையது, அதைச் சொல்ல இவள் யார்? “என்னம்மா இது?” “வேற என்ன பண்ணச் சொல்றீங்க மாமா? உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகட்டுமா? இல்ல வேலையை விட்டுட்டு உங்க பின்னாடி சுத்தட்டுமா?” ஆட்டோவுக்குக் கை காட்டினாள், அவள் காட்டினால் ஆட்டோதான் வருகிறது. ஏறி உட்கார்ந்து தலையை நீட்டினாள். “எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டே நடக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க. ‘பச்சை விழுந்துடுச்சா’ன்னு ஒரு வார்த்தை. கேட்டா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க.” “நான் கேக்கறதா? இந்த ஊருக்கே வழி சொன்னவன் நான்.” “தெரியும் மாமா. எந்தச் சுவருக்கு வழி சொன்னீங்கன்னும் தெரியும்.” போய்விட்டாள்.

சுதந்திரம். இதோ நிற்கிறேன், எங்கே வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம், வீடும் டீக்கடையும் நாலு கிழவர்களும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அதே நாற்பதடி. மருந்துக்கடைப் பச்சை இப்போது என் தலைக்கு மேலேயே சிமிட்டுகிறது. அந்தப் பக்கச் சிக்னல் எங்கே என்று சுபாஷினி கை காட்டவில்லை, அது பரீட்சையில் இல்லை. அடங்குகிறதா என்று கேட்கிறேன், எவனோ ஒருவன் சுவரில் துளை போடுகிறான், டர்ரென்று, காதும் போச்சு. மஞ்சள் சேலை இல்லை. ஒரு மனிதன் வந்து என் வலது ஓரத்தில் நின்றான், வெள்ளைச் சட்டை, சந்தனப்பொட்டோ கட்டெறும்போ நெற்றியில் ஏதோ, பாக்கு வாசனை. அவன் யார் என்று தெரியாது, அவனுக்கும் நான் யார் என்று தெரியாது, அதுதான் இதில் இருக்கிற ஒரே நல்ல விஷயம். அவனுக்குப் பருந்துக் கதையைச் சொல்லலாமா? சொல்லிக்கொண்டே கூடவே நடந்துவிடலாம், அவன் நடந்தால் நான் நடக்கிறேன், யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன். பருந்து வரவில்லை. எழுபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் வராத ஒன்று வந்தது, என் குரல் மாதிரியே இல்லை, ஜலதோஷம் பிடித்த யாரோ. “சார், பச்சை விழுந்துடுச்சா?” அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “விழுந்துடுச்சு, வாங்க” என்றுவிட்டு நடந்தான், ஏதோ மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி, நானும் அவன் சட்டையின் ஓரத்தைப் பிடிக்காமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீங்கள் இதில் எதை வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அமரர் ஊர்தியை என் பேர் போட்டே சொல்லுங்கள், முப்பத்தேழாம் எண்ணைச் சொல்லுங்கள், கஸ்தூரியையும் வேண்டுமானால் சொல்லுங்கள், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டியவன்தான். ஆனால் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது எந்தக் கிழவன் என்று எவனாவது விசாரித்தால், ஆள் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். லாரி ஷெட்டில் மூச்சு விட வேண்டாம். சுபாஷினியிடம் வேண்டவே வேண்டாம்.